வீசமும் சதமும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை. மேற்கரையில் விரிந்து கிடக்கும் வயல்நாடு படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே அமைந்த கல்லடியில் தென்னையும் மீன்பிடியும் உண்டு. சோற்றுக்கு வேண்டிய நெல்லோ பெரும்பாலும் வாவிக்கு அப்பாலிருந்தே வரவேண்டும். 1924ஆம் ஆண்டில் மானிங் சீமாட்டியின் பெயரால் பாலம் திறக்கப்படும் வரையில், பட்டினத்துக்குச் செல்வோர் தோணியையே நம்பியிருந்தனர். நெல்லும் காசும் இவ்வாறு கைமாறிய நாட்டில், கணக்கும் இருவகையாயிற்று.

பழந்தமிழ்க் கணக்கு ஒன்றைப் பாதியாக்கிப் பாதியாக்கிக் கீழே இறங்குவது. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பதினாறில் ஒரு பங்கு வரை அது செல்லும். மற்றொரு வரிசையில் மாவும் காணியும் முந்திரியும் உள. முந்திரியாவது 320இல் ஒரு பங்கு. இவற்றை எண்சுவடி கொண்டு மனனஞ் செய்த திண்ணைப்பள்ளி மாணாக்கனுக்குத் தாளும் எழுதுகோலும் வேண்டியதில்லை.

1872இல் இலங்கை ரூபா நூறு சதமாகப் பகுக்கப்பட்டது. பத்துப் பத்தாக ஏறும் இப்புதுக் கணக்கினுள் பழைய பின்னங்கள் எளிதில் அடங்கவில்லை. ரூபாவில் அரைக்கால் பன்னிரண்டரைச் சதம். வீசமோ ஆறேகாற் சதம். அந்தக் காற்சதம் யாருக்குச் சேரும்? விற்பவன் விடமாட்டான், வாங்குபவனும் விடமாட்டான். நல்வாய்ப்பாகக் காற்சதத்துக்கென்றே ஒரு செப்புக்காசு இருந்தது. 1870 என்னும் ஆண்டு பொறித்த அக்காசு, 1904ஆம் ஆண்டு வரை இடையிடையே வார்க்கப்பட்டது. அரைச்சதம் 1940 வரை நீடித்தது.

சில்லறைக் கணக்கில் இழப்பு காற்சதமே. கடன் கணக்கிலோ அது குடும்பத்தையே சாய்க்கும். விதைநெல்லுக்கு ‘ஒன்றுக்கு ஒன்றரை’ என்பது இலங்கையின் வயல்நாடுகளிற் பரவலாக நிலவிய வழக்கு. அதை நூற்றுவீதத்திற் சொன்னால் ஐந்து மாதத்துக்கு ஐம்பது, ஆண்டுக்கு நூற்றிருபது. கேட்கவே அச்சந் தருவது. ஆயினும் விதைப்புக் காலத்தில் நெல் விலை ஏறியும் அறுவடையில் இறங்கியும் நிற்பதை மறத்தல் ஆகாது. மரைக்கால் மூன்று ரூபா விற்கையில் இரண்டு மரைக்கால் வாங்கியவன், இரண்டு ரூபா விற்கையில் மூன்று மரைக்கால் அளந்தால், வாங்கியதும் ஆறு ரூபா, கொடுத்ததும் ஆறு ரூபா.

உண்மையான பொறி வேறிடத்தில் இருந்தது. ஆறு ரூபாவை ‘வட்டியில்லாமல்’ கொடுத்து, அறுவடையில் மரைக்கால் ஒன்றரை ரூபா விலைக்கு நெல்லாகத் தருக என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது அது. நாலு மரைக்கால் அளக்கவேண்டும். சந்தையில் அதன் பெறுமதி எட்டு ரூபா. ஆறுக்கு இரண்டு மிகுதி, மூன்றில் ஒரு பங்கு. ஐந்து மாதத்தை ஆண்டாக்கினால் நூற்றுக்கு எண்பது. 

விஞ்ஞானம் பயின்று ஆசிரியத் தொழில் புரிந்த விபுலாநந்த அடிகள், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் நிறுவினார். பாடசாலை எண்கணிதத்தில் வரும் நூற்றுவீதமும் தனிவட்டியும் கற்ற சிறுவன் ஒருவனுக்கு, மேற்சொன்ன கணக்கு நாலு வரி வேலை. சட்டத்துக்கோ அது எட்டவில்லை. அறவிடும் வட்டி முதலை விஞ்சலாகாது என 1852ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது; இந்தக் கடனிலோ வட்டி என்ற சொல்லே இல்லை, இருந்தாலும் இரண்டு ரூபா ஆறு ரூபாவை விஞ்சியதுமில்லை.