வெட்டி வேலை: ஆரோவில் காட்டுக்குப் போன தம்பியும் எங்க ஊர் ஏரியும்

எங்க வீட்டு மாடியில ஒரு தம்பி வாடகைக்கு இருக்கார். சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம், வேலை சிறுசேரியில. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு காலையில ஏழு மணிக்கு வந்து படுப்பார். வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற என்னோட ஒன்றரை ஏக்கர்ல மூணு வருஷமா ஒரு தடவைகூட கால் வச்சதில்ல. அப்படிப்பட்டவர் போன ஐப்பசியில ஒரு மாசம் லீவு போட்டுட்டு, "அங்கிள், ஆரோவில்ல மரம் நடப் போறேன்"னு வந்து நின்னப்போ எனக்குச் சிரிப்புதான் வந்தது. சம்பளம் உண்டான்னு கேட்டேன். கிடையாதாம். சாப்பாட்டுக்கும் இவர்தான் காசு கொடுக்கணுமாம். "அப்ப வெட்டி வேலைன்னு சொல்லுங்க"ன்னேன்.

வாய்ல வந்ததைச் சொல்லிட்டேனே தவிர, அந்த வார்த்தை என்னை விடல. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்குங்க.

தம்பி போன இடம் சாதனா ஃபாரஸ்ட். ஆரோவில்லோட ஓரத்துல இருக்கு. அவிராம் ரோசின், யோரித் ரோசின் என்ற இஸ்ரேல் தம்பதி 2003 டிசம்பர்ல ஆரம்பிச்சது. கையில எடுத்தது 70 ஏக்கர் செம்மண். மேல் மண் மொத்தமும் மழையில கரைஞ்சு ஓடிப்போன பூமி. அங்க பழைய காட்டைத் திரும்பக் கொண்டு வரணும்னு உட்கார்ந்தாங்க. பிறகு ஹைட்டியிலும் கென்யாவிலும் இதே வேலையைத் தொடங்கியிருக்காங்க.

நான் ஒரு தடவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்திருக்கேன். அன்னைக்கு யார் வேணும்னாலும் வரலாம். காட்டைச் சுத்திக் காட்டி, ஒரு படம் போட்டு, சாப்பாடும் போடுவாங்க. காசு கேக்கறதில்ல. ஆனா விருந்தாளியாப் போய்ட்டு வர்றது வேற, அங்கேயே தங்கி மண்ணு வெட்டுறது வேற. அந்தக் கதையைத் தம்பிதான் திரும்பி வந்ததும் எங்க திண்ணையில உட்கார்ந்து சொன்னார்.

விடியறதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு பேர் பாட்டுப் பாடிக்கிட்டு குடிசை குடிசையா வந்து எழுப்புவாங்களாம். கோழி கூவி எழுந்த ஆள் நான், எனக்கு அது வேடிக்கையா இருந்தது. சவுக்குக் கம்பும் மூங்கிலும் தேங்காய் நார்க் கயிறும் வச்சுக் கட்டின கீத்துக் கொட்டகைதான் வீடு. எழுந்ததும் எல்லாரும் வட்டமா நின்னு கைகால் நீட்டி மடக்கி, ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, அப்புறம் வேலையைப் பிரிச்சுக்குவாங்க. அதுக்குப் பேர் வேலை இல்ல, 'சேவா'. காலைப் பலகாரத்துக்கு முன்னாடி ஒரு சேவா, பின்னாடி ஒரு சேவா. முதல் சேவா பெரும்பாலும் காட்டு வேலை: குழி தோண்டுறது, மேட்டுச் சரிவுல குறுக்கே வரப்பு போட்டு மழைத் தண்ணியை நிறுத்துறது, கன்னு நடுறது, சருகும் தழையும் போட்டு மூடாக்கு பண்ணுறது. ரெண்டாவது சேவா சமையல், காய் நறுக்குறது, பெருக்குறது, பாத்திரம் தேய்க்குறது.

பாலும் தயிரும் கிடையாது. காப்பி இல்லாம முதல் நாலு நாள் தலைவலியாம். சிகரெட்டு, சாராயம் வாசலுக்கு வெளியே. கரண்டு சூரிய ஒளியில. மழை மூட்டம் போட்டா சைக்கிள் மிதிச்சும் எடுப்பாங்களாம். குளிக்க வாளித் தண்ணி. சாப்பிடும் முன்னாடி கொஞ்ச நேரம் எல்லாரும் கண்ணை மூடி அமைதியா இருக்கணும்.

கழிப்பறையைப் பத்திச் சொன்னதைத்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன். தண்ணி ஊத்துற கழிப்பறை இல்ல, மரத்தூள் போடுற வகை. நிறைஞ்சதும் எடுத்துக்கிட்டுப் போய் மக்க வைக்கணும், அதுவும் தன்னார்வலர் வேலைதான். "முதல் நாள் முடியாதுன்னு சொல்லலாம்னு நினைச்சேன் அங்கிள். பக்கத்துல ஜெர்மன் பொண்ணு ஒண்ணு பாட்டுப் பாடிக்கிட்டே தூக்கிட்டுப் போகுது. நான் எப்படி நிக்கறது?" இதுக்கு அப்புறம் வர்றேன்.

அவங்க வளர்க்கிற காடு என்ன காடுன்னு முதல்ல பார்ப்போம். மழைக்காடுன்னா நமக்கு வால்பாறையும் ஆகும்பேயும்தான் ஞாபகம் வரும். எப்பவும் ஈரம், அட்டைக்கடி, வானத்தைத் தொடுற மரம். நம்ம கடற்கரைக்கும் ஒரு பசுமைமாறாக் காடு உண்டு. வருஷத்துல ஆறு மாசத்துக்கு மேல வறட்சி, ஐப்பசி கார்த்திகையில கொட்டுற வடகிழக்குப் பருவமழைதான் ஆதாரம், மொத்தமாப் பார்த்தா 1,200 மி.மீ. பக்கம். இந்த மழையை வச்சுக்கிட்டு சித்திரை வெயில்லயும் இலை உதிர்க்காம நிக்கிற காடு. மரங்க உயரம் கம்மி, இலை தோல் மாதிரித் தடிப்பா இருக்கும். சாம்பியன், சேத் என்ற ரெண்டு வன அதிகாரிகள் 1968-ல இந்தியக் காடுகளை வகை பிரிச்சப்போ இதை உலர் பசுமைமாறாக் காடுன்னு தனியா ஒரு வகையா எழுதினாங்க. வீரை, பாலை, காசா, கருங்காலி, நாவல் எல்லாம் இதோட மரங்கள். எங்க ஊர் பேரைப் பார்த்தாலும் நாவல் மரத்தால வந்த பேராத்தான் எனக்குத் தோணுது. இப்ப ஊர்ல நாவல் மரம் எங்கேன்னு கேக்காதீங்க. அபார்ட்மென்ட் வாசல்ல அழகுக்கு வச்சிருக்கிற பேர் தெரியாத பனை வகைங்கதான் இருக்கு.

அந்தக் காடு எங்க போச்சு? கொஞ்சம் கொஞ்சமா விறகாவும் கட்டுமானத்துக்கும் வெட்டினோம். மிச்சம் இருந்ததை ஆடு மாடு மேய்ஞ்சது, முந்திரியும் மணிலாவும் வந்து சேர்ந்தது. 1856-ல ராயபுரத்துல இருந்து ரயில் ஓட ஆரம்பிச்சதும் எஞ்சினுக்கு எரிக்க விறகு வேணும்னு கடற்கரை நெடுக சவுக்குத் தோப்பு போட்டாங்க. நம்ம ஈசிஆர் பக்கம் சவுக்கைப் பார்த்துட்டு "என்ன அழகான காடு"ன்னு போட்டோ எடுக்கிறீங்களே, அது காடு இல்லீங்க, விறகுக் கொல்லை.

பழைய காடு பிழைச்சுக் கிடக்கிறது சாமிக்குப் பயந்த இடத்துலதான். மரக்காணம் தாண்டி கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்குப் போயிருப்பீங்க. அந்தக் கோயிலைச் சுத்தி நிக்கிறதுதான் அசல் காடு. ஒரு குச்சிகூட ஒடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் அதைக் காப்பாத்தி வச்சிருக்காங்க.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்னைக்குத் தொடங்கினப்போ அங்க நிழலுக்கு ஒரு ஆலமரம், அங்கங்க பனை, மத்தபடி மழை அறுத்த பள்ளம்தான். முதல்ல வந்தவங்க எதிரின்னு பார்த்தது ரெண்டு: வெயில், ஆடு. ஆடு எங்களை மாதிரி ஊர்க்காரன் ஆடு. அவன் அப்பன் பாட்டன் மேய்ச்ச இடத்துல திடீர்னு ஒரு வெள்ளைக்காரன் முள்வேலி போட்டா மனசு எப்படி இருக்கும்? இதை யாரும் பெருசா எழுதறதில்ல. நான் சின்ன வயசுல ஆடு மேய்ச்சவன், எனக்குத் தோணுது.

அவசரத்துக்கு அவங்க நட்டது ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ஒரு வேல வகை. வேகமா வளரும், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், நிழல் கொடுக்கும். அந்த நிழல்ல நாட்டு மரக் கன்னுங்களை வச்சு வளர்த்தாங்க. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் வந்தது. வெளிநாட்டு வேல மரங்கள் கும்பல் கும்பலா சாய்ஞ்சது, நாட்டு மரங்கள் அதைவிட நல்லாவே தாக்குப்பிடிச்சது. சாதனா மாதிரி இடத்துல முதல்லயே நாட்டு மரம்தான்னு பிடிவாதமா நிக்கிறதுக்கு அர்த்தம் அந்தப் புயலைப் பார்த்தவனுக்குப் புரியும்.

சரி, வெட்டிக்கு வருவோம். இன்னைக்கு வெட்டின்னா வீண்னு அர்த்தம். சோழர் கல்வெட்டுல வெட்டின்னா கூலி இல்லாம ஊருக்கும் அரசுக்கும் செய்ய வேண்டிய உழைப்பு. ஏரி, வாய்க்கால் வேலையும் அதுல அடங்கும்.

எங்க பக்கத்துக்குன்னே ஒரு ஆவணம் இருக்கு. 1767-க்கும் 1774-க்கும் நடுவுல பர்னார்ட் என்ற ஆங்கில அதிகாரி செங்கல்பட்டுச் சீமையில கிட்டத்தட்ட 2,000 ஊருக்குக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் எழுதின ஓலைகளும் கிடைச்சிருக்கு. எங்களுக்குப் பக்கத்துல இருக்கிற திருப்போரூரோட கணக்கு புத்தகமாவே வந்திருக்கு. நன்செய் எவ்வளவு, ஏரி எவ்வளவு, காடு எவ்வளவு, விளைச்சல்ல கோயிலுக்கு என்ன, ஏரிக்கு என்ன, வெட்டியானுக்கு என்னன்னு பங்கு பங்கா எழுதியிருக்கு. ஏரியைப் பார்த்துக்கிறது அப்ப யாரோட நல்ல மனசையும் நம்பி நடக்கல, களத்துமேட்டுலயே அதுக்கு நெல் ஒதுக்கிட்டாங்க.

வேடந்தாங்கலையும் சொல்லணும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்க பறவையைச் சுட்டதும் ஊர்க்காரங்க நேரா கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட போய் நின்னாங்க. 1798-ல பறவையைச் சுடக் கூடாதுன்னு உத்தரவு வாங்கிட்டு வந்தாங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி பாய்ஞ்சா பயிர் செழிக்கும்னு விவசாயிக்குத் தெரியும். அறுபது வருஷம் கழிச்சு 1858-ல ஊரார் மறுபடியும் கேட்டு அதைப் புதுப்பிச்சாங்க.

அதே 1858-ல சென்னை மாகாணத்துல இன்னொரு சட்டமும் வந்தது, கட்டாய உழைப்புச் சட்டம். ஏரி உடையப் போகுதுன்னா ஊர் ஆளுங்களை வேலைக்கு வான்னு கட்டாயப்படுத்தலாம். குடிமராமத்துன்னு நாம பெருமையாப் பேசுறோமே, அதுக்குக் கடைசியில ஒரு சட்டம் வேண்டியிருந்தது. நெல் பங்கு எல்லாம் கம்பெனி கஜானாவுக்குப் போனப்புறம் எவன் வருவான்?

இன்னொண்ணையும் மறைக்காம எழுதிடறேன். எங்க தாத்தா காலத்துல வருஷா வருஷம் கோடையில ஊர் கூடி ஏரிக்கரை பலப்படுத்துவாங்கன்னு நானும் நகரத்து நண்பர்கள்கிட்ட பல தடவை பெருமை அடிச்சிருக்கேன். எங்க அம்மா சொன்னது வேற. தாத்தா குடை பிடிச்சுக்கிட்டு கரை மேல நிப்பாராம். கூடையில மண் சுமந்தது காலனி ஆளுங்க. மடையைத் திறக்கவும் மூடவும் ராத்திரியில ஏரிக்குள்ள இறங்கினதும் அவங்கதான். அந்த ஓலைக்கணக்குல வெட்டியானுக்குன்னு ஒரு பங்கு இருக்கு, ஆனா நிலம் யார் பேர்ல இருந்ததுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஊரே சேர்ந்து செஞ்சதுன்னு சொல்ற எந்தக் கதையிலயும் குடை யார் கையில, கூடை யார் தலையிலன்னு நான் இப்பல்லாம் பார்க்கிறேன்.

அதனாலதான் அந்தக் கழிப்பறைக் கதைக்கு நான் நிமிர்ந்தேன். சாதனாவுல எந்த நாட்டுக்காரனா இருந்தாலும், எந்தச் சாதியா இருந்தாலும், சட்டியைத் தூக்க வேண்டிய நாள் வந்தா தூக்கணும். எங்க ஏரிக்கரையில அது நடந்ததில்ல. அதுக்காக அங்க எல்லாம் சரின்னும் சொல்ல மாட்டேன். சுத்துப்பட்டு ஊர்க்காரங்க ஆயிரக்கணக்குல ஆரோவில்ல கூலிக்குப் போறாங்க. அவங்களுக்கு ஒரு மாசம் சம்பளம் இல்லாம சேவா செய்ய வசதி கிடையாது. மண்வெட்டி ஒண்ணுதான், ஒருத்தருக்கு அது அனுபவம், இன்னொருத்தருக்கு அன்னன்னைக்கு அரிசி. தம்பிகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "நான் அங்க போய் வரப்பு போடக் கத்துக்கிட்டேன் அங்கிள். பின்னாடி உங்க நிலத்துல வரப்பு இருக்கிறதே எனக்குத் தெரியாது"ன்னார்.

அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து நின்னார். கையில அங்கிருந்து கொண்டு வந்த நாலு கன்னு: ரெண்டு நாவல், ஒரு வீரை, ஒரு பாலை. ஏரிக்கரையோரம் என் நிலம் முடியிற மூலையில குழி எடுத்தோம். குழியை முழங்கால் ஆழத்துக்கு அவரே வெட்டினார், வெட்டிட்டு சருகு தேடினார். எங்க ஊர்ல சருகுக்கு எங்க போறது? கடைசியில வைக்கோல் போட்டோம். என் மகன் அன்னைக்கு போன்ல, "அந்த மூலையைத்தான் அப்பா கேக்கறாங்க, ரோட்டோரம் அதுதான்"னான். பதில் சொல்லாம வச்சுட்டேன்.

ஒரு நாவலை பக்கத்து வீட்டு ஆடு கடிச்சுட்டுது. பாலை காய்ஞ்சு போச்சு. வீரை உயிரோட இருக்கு, ஆனா நட்டப்போ எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இருக்கு. அது மெதுவாத்தான் வளரும்னு சொல்றாங்க. மிச்ச நாவல் என் இடுப்புக்கு வந்துடுச்சு. தம்பி ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்ததும் படுக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு குடம் ஊத்திட்டுப் போறார்.