தீவகமும் மின்வலுவும்: இடையறா வழங்கல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. அப்பெயர்களுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்பதே ஆங்கில வழக்கில் இன்றும் பரவலாக நின்று நிலவுகின்றது. தீவகத்தின் வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கோட்டைகளும் குதிரை லாயங்களும் கோயில்களுமே. மின்வலு அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. எனினும் அண்மைக்காலத் தீவக வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு மின்கம்பத்தைக் காட்டிலும் சிறந்த சான்று பிறிதில்லை என்பதே என் கருத்தாகும்.

இதனை ஆராயக் கணினியை அளவுகோலாகக் கொள்வது பொருத்தமானது. மின்விளக்கு அணைந்தால் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். நட்டம் சிறிது நேர இருளே. பிற கணினிகளுக்குத் தரவு வழங்கும் சேவையகக் கணினியின் நிலை அவ்வாறன்று. ஒரு நொடி மின்தடையும் எழுதப்பட்டுக்கொண்டிருந்த பதிவைச் சிதைக்க வல்லது. வங்கிக் கணக்கும் அரச அலுவலகப் பதிவேடும் தொலைபேசிக் கோபுரமும் இன்று கணினிகளையே சார்ந்துள்ளமையால், ஓர் ஊருக்கு மின்சாரம் உண்டா என்பது மட்டும் இப்போது போதிய வினாவன்று. அது இடையறாது வருமா என்பதே உரிய வினாவாகும்.

சேவையகத்துக்கு மின் வழங்கும் முறையின் அடிப்படை எளியதே. 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ் மீடிறனுடைய ஆடலோட்டம் நேரோட்டமாக மாற்றப்பட்டு மின்கல அடுக்கை மின்னேற்றுகின்றது. மீண்டும் ஆடலோட்டமாக்கப்பட்டுக் கணினியைச் சென்றடைகின்றது. வெளி வழங்கல் அறுந்தால் மின்கலம் சில நிமிடங்கள் தாங்கும். அதற்குள் டீசல் மின்பிறப்பாக்கி இயங்கத் தொடங்க வேண்டும். பெரிய சேவையகங்களில் மின்வழங்கும் அலகுகள் இரண்டு அமைந்திருக்கும். ஒன்றை ஒரு வழியிலும் மற்றதை வேறொரு வழியிலும் இணைப்பர். ஆயின் இரு வடங்களும் ஈற்றில் ஒரே பொறியிற் சென்று முடியுமாயின் இரண்டு என்பது பெயரளவே. ஒரே கிணற்றில் இரண்டு வாளி விட்டு, கிணறு வற்றாது என்று எண்ணுவதை ஒக்கும் அது.

தீவகத்தின் நிலை இதுவே. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியன தாம்போதிகளாலும் பாலங்களாலும் ஒன்றோடொன்றும் குடாநாட்டோடும் பிணைக்கப்பட்டவை. வீதி சென்ற வழியே மின்கம்பியும் செல்ல இயலும். குறிகட்டுவான் இறங்குதுறையோடு வீதி முடிவடைகின்றது. கம்பியும் அங்கேயே நின்றுவிடுகின்றது. அப்பால் உள்ள நயினாதீவும் நெடுந்தீவும், அவ்வாறே கடலாற் பிரிக்கப்பட்ட அனலைதீவும் எழுவைதீவும், இலங்கை மின்சார சபை நிறுவிய டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பி வாழ்ந்தன. ஆகவே ஒரே தீவகத்துள் இருவகை ஊர்கள் தோன்றின: கம்பியால் ஒளி பெற்றவை, வள்ளத்தில் ஏற்றிவந்த எண்ணெயால் ஒளி பெற்றவை.

கம்பி வந்த ஊர்களும் நிம்மதி கண்டன என்று சொல்வதற்கில்லை. தெற்கிலிருந்து சுன்னாகத்துக்கு வந்த உயரழுத்த மின்மார்க்கம் போரிலே அழிந்தது. 1990இன் பின்னர் குடாநாடு ஆண்டுக்கணக்கில் இருளில் மூழ்கியது. குப்பி விளக்கில் படித்ததும், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் நம் பெற்றோர் தலைமுறையின் அனுபவங்கள். (மின்வலு முகாமைத்துவம் என்று இன்று வகுப்பறையிற் கற்பிக்கப்படுவதை அவர்கள் அவ்வண்டியின் மீதிருந்தே கற்றனர் எனலாம்.) தேசிய மின்வலையமைப்போடு குடாநாடு மீண்டும் இணைந்தது போர் முடிந்த பின்னரே. இணைந்த போதும் அது குறிகட்டுவானைத் தாண்டவில்லை.

சிறு டீசல் நிலையத்தின் குறை எண்ணெய்ச் செலவு மட்டுமன்று. தேசிய வலையமைப்பில் ஒரு பெரிய மோட்டர் இயங்கத் தொடங்கினால் அது எவருக்கும் தெரியாது. தீவொன்றின் சிறு பொறியிலோ மீடிறனும் வோல்ற்றளவும் உடனே தளர்கின்றன. கணினியைக் காக்கும் மின்கலம் ஒவ்வொரு முறையும் சுமையைத் தான் ஏற்று விரைவில் நலிகின்றது. உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கின்றது. நள்ளிரவில் தேவை சுருங்கினாலும் பொறியை நிறுத்த முடியாது. குறைந்த சுமையில் ஓடும் டீசற் பொறி ஓர் அலகுக்கு எரிக்கும் எண்ணெய் அதிகம். மாறாக, ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு அடியார் திரளும்போது தேவை திடீரென உயர்கின்றது. கடல் கொந்தளிக்கும் நாளில் எண்ணெய் வள்ளமும் தாமதிக்கும்.

இத்தீவுகளில் வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவில்லை. சோழகம் வீசும் மாதங்களிற் காற்றாடி சுழலும்; மாசி, பங்குனி வெயில் சூரியகலங்களுக்கு உகந்தது; மின்கல அடுக்கு இரண்டையும் இணைத்து இரவுக்குச் சேமிக்கும். இத்தகைய கலப்பு முறை முதலில் எழுவைதீவிற் பரீட்சிக்கப்பட்டது. உற்று நோக்கின் இது சேவையகத்தின் காப்பு முறையே ஊரளவாக விரிந்தது எனலாம். இங்கு கிணறுகள் உண்மையிலேயே இரண்டாகின்றன.

2021 சனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் இம்முறையை நிறுவும் ஒப்பந்தத்தை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு வழங்க அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. நெடுந்தீவு இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. இந்தியா ஆட்சேபித்தது, கடனுக்குப் பதிலாக நன்கொடை வழங்கவும் முன்வந்தது. 2021 டிசம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. மாலைதீவின் 12 தீவுகளிற் சூரிய மின்நிலையங்களை அமைக்க அந்நிறுவனம் ஒப்பந்தம் செய்துள்ளதையும் அதே அறிவிப்பிற் குறிப்பிட்டது. 2022 மார்ச்சில் இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கரின் கொழும்பு விஜயத்தின்போது புதிய புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூர் நிறுவனமொன்றுடன் இலங்கை நிலைபேறுதகு வலு அதிகாரசபை ஒப்பந்தம் செய்தது.

ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு மேல். அக்காலம் முழுவதும் மூன்று தீவுகளும் டீசலையே எரித்தன. இரு பெரும் அரசுகளின் கரிசனைகள் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின; அவற்றின் நியாயத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் மின்சாரம் எவருக்கோ அவர்கள் இவ்வழக்கில் ஒரு தரப்பாகக்கூடக் கருதப்படவில்லை என்பதை வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். ஒல்லாந்தர் பெயர் சூட்டியபோதும் தீவாரை எவரும் கேட்டதில்லை.

புதிய திட்டத்தின் எண்களும் நோக்கற்பாலன. மூன்று தீவுகளுக்குமாகச் சூரியவலு 1,700 கிலோவாற்று. காற்று 530 கிலோவாற்று. மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாற்று மணி. சுமை சராசரியாக 400 கிலோவாற்று எனக் கொண்டால் நிறைந்த மின்கலம் ஆறு மணித்தியாலம் தாங்கும். ஓர் இரவுக்கு அது போதாது. எனவேதான் காத்திருப்பு டீசல் பொறிகளுக்கு 2,500 கிலோவாற்று ஒதுக்கப்பட்டுள்ளது. அது வெயிலும் காற்றும் சேர்ந்த கொள்ளளவாகிய 2,230 கிலோவாற்றையும் விஞ்சியது. திட்டம் முழுமையாக இயங்கும் நாளிலும், மாரி மேகம் பல நாள் கவிந்து காற்றும் ஓய்ந்துவிட்டால், குறிகட்டுவானிலிருந்து எண்ணெய் வள்ளம் புறப்பட்டே ஆகவேண்டும்.