பயன்பாட்டால் பிரிக்கும் வரி: தமிழ்நாட்டுச் சொத்துவரியில் வகைப்பாட்டின் நியாயம்

நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் வரி விதிக்கும் அதிகாரம், அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 49-ஆம் இனத்தால் மாநிலங்களுக்கு உரியது. சட்டமன்றம் அனுமதிக்கும் அளவுக்கு அது உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்படுகிறது. வரி உயரும்போதெல்லாம் பொதுவெளியில் விழுக்காடே விவாதிக்கப்படுகிறது. ஆனால் ஒரு கட்டடம் குடியிருப்பா, வணிகமா, தொழிற்கூடமா என்று தீர்மானிக்கும் வகைப்பாடு விழுக்காட்டுக்கு முந்திய முடிவாகும். செலுத்துவோர் தலையில் ஏறும் சுமையைப் பெரிதும் நிர்ணயிப்பதும் அதுவே. பயன்பாட்டின் அடிப்படையில் வகைப்படுத்துவது சட்டத்துக்கும் நீதிக்கும் இசைந்ததே என்றும், தமிழ்நாட்டில் இன்று அது செய்யப்படும் முறை அந்த நீதியை நிறைவேற்றவில்லை என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

வகைப்படுத்தாமல் வரி விதிப்பதே சமத்துவம் என்ற எண்ணத்தை உச்சநீதிமன்றம் நெடுநாளைக்கு முன்பே மறுத்துவிட்டது. திருவிதாங்கூர்-கொச்சி நிலவரிச் சட்டம், விளையும் நிலத்துக்கும் விளையாத காட்டுக்கும் ஏக்கருக்கு இரண்டு ரூபாய் என ஒரே வரியை விதித்தபோது, மூப்பில் நாயர் வழக்கில் அச்சட்டம் சமத்துவ உரிமைக்கு மாறானதெனச் செல்லாததாக்கப்பட்டது. பின்னர்க் கேரளம் கட்டடங்களுக்குத் தளப்பரப்பை மட்டும் கணக்கிட்டு வரி விதிக்க முயன்றது. கட்டடத்தின் தன்மை, அமைவிடம், பயன்பாடு ஆகியவற்றைப் பாராமல் பரப்பை மட்டும் அளவுகோலாக்குவது சமமல்லாதவற்றைச் சமமாக நடத்துவதாகும் என்று குட்டி நாஹா வழக்கில் அதுவும் வீழ்ந்தது. அகமதாபாத்தில் நூற்பாலைகளுக்குத் தளப்பரப்பின்படி ஒரே சீராக மதிப்பிட்ட முறையும் 1967-இல் ஏற்கப்படவில்லை. இம்மூன்று தீர்ப்புகளின் வரிசையில் வைத்துப் பார்த்தால், 1993-இல் பாட்னா மாநகராட்சி மேற்கொண்ட சீர்திருத்தத்தின் அருமை விளங்கும். சாலையின் தரம், கட்டுமானத்தின் வகை, பயன்பாடு என மூன்று கூறுகளைச் சேர்த்து, சதுர அடிக்கான வாடகை மதிப்பை அது முன்கூட்டியே அறிவித்தது. உச்சநீதிமன்றம் 1995-இல் அதனை ஏற்றது. பரப்பை அளவுகோலாக்கியது அங்கே குறையாகவில்லை. பரப்போடு பயன்பாட்டையும் இடத்தையும் சேர்த்ததே அதைக் காப்பாற்றியது.

தமிழ்நாட்டுச் சொத்துவரியின் அடிப்படை ஆண்டு வாடகை மதிப்பு, அதாவது ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எதிர்பார்க்கத்தக்க தொகை. இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம்: கடையின் வாடகை வீட்டின் வாடகையைவிட இயல்பாகவே கூடுதலாக இருப்பதால், பயன்பாடு ஏற்கெனவே மதிப்பில் அடங்கிவிடுகிறது, அதற்குமேல் வகைவாரியாக உயர்த்துவது ஒன்றையே இருமுறை கணக்கிடுவதாகாதா? சந்தை வாடகை கட்டடம்தோறும் உண்மையாகக் கணக்கிடப்பட்டிருந்தால் இந்த ஆட்சேபத்துக்கு விடையில்லை. ஆனால் நடைமுறையில் தெருவாரியான அடிப்படை மதிப்பே வாடகையின் இடத்தில் நிற்பதால், வகைப்பாடு விடுபட்ட தகவலுக்கு மாற்றாகப் பணியாற்றுகிறது. ஆகவே அதன் துல்லியம் குறைந்தால் அதைத் திருத்த வேறு கருவி எதுவும் முறைக்குள் இல்லை.

சென்னையில் 1998-க்குப் பின் 2022 வரை நிலைத்த பொதுச் சீராய்வு நடைபெறவில்லை. 2018-இல் அறிவிக்கப்பட்ட உயர்வு அடுத்த ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. பதினைந்தாவது நிதி ஆணையம் உள்ளாட்சி மானியங்களுக்குச் சொத்துவரிச் சீர்திருத்தத்தை நிபந்தனையாக்கிய சூழலில் வந்த 2022-ஆம் ஆண்டு உயர்வு, மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 விழுக்காடு எனவும், வணிகக் கட்டடங்களுக்கு 150, தொழிற்சாலைகளுக்கும் சுயநிதிக் கல்வி நிலையங்களுக்கும் 100 விழுக்காடு எனவும் அமைந்தது. சிறிய வீட்டைக் காத்த இந்தப் படிநிலை பாராட்டத்தக்கது. ஆயினும் உயர்வு பழைய வரியின் மீதே ஏற்றப்பட்டதால், பழைய வகைப்பாட்டுப் பிழைகளும் சேர்ந்தே பெருகின. முன்பு அரையாண்டுக்கு 1,000 ரூபாய் செலுத்திய சிறிய வீடு அந்த உயர்வால் 1,500 செலுத்த, அதே தொகை செலுத்திய கடை 2,500 செலுத்த வேண்டியதாயிற்று. தவறான வகையில் பதிவான கட்டடத்துக்கு இந்த இடைவெளி முழுவதும் தவறான சுமையே. மேலும் வீடுகளுக்குள் நான்கு படிகள் வகுத்த அரசு, வணிகத்துக்குள் ஒன்றும் வகுக்கவில்லை. 100 சதுர அடி மளிகைக் கடையும் பல மாடி வணிக வளாகமும் ஒரே 150 விழுக்காட்டில் நிற்பது, குட்டி நாஹா வழக்கு கண்டித்த குறையின் மறுபக்கமாகும். அங்கே பரப்பு மட்டும் பார்க்கப்பட்டது. இங்கே பரப்பு பார்க்கப்படவேயில்லை.

எல்லைக்கோட்டில் நிற்கும் கட்டடங்களே எந்த வகைப்பாட்டையும் சோதிக்கின்றன. நகரமைப்புத் திட்டத்தின் மண்டலம் ஓரிடத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்கிறதேயன்றி, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. அதை வரிக்கு ஆதாரமாகக் கொள்வது பொருந்தாது. உரிமையாளர் யார் என்பதும் பயன்பாடு ஆகாது. முன்னறையில் தையல் இயந்திரம் வைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் வீடு, அந்த அறையால் கடையாகிவிடுவதில்லை. பணிபுரியும் பெண்கள் தங்கும் விடுதியை நடத்துபவருக்கு அது தொழில், தங்குபவருக்கோ அது வீடு. சரக்கு-சேவை வரி தொடர்பாகச் சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் விடுதியைக் குடியிருப்பாகவே கண்டது. கட்டடத்துக்குள் நடப்பது எது என்ற அந்தப் பார்வை சொத்துவரிக்கு இன்னும் பொருந்தும். ஏனெனில் இவ்வரி நடத்துபவரின் இலாபத்தின் மீதன்று, கட்டடத்தின் மீதே விழுகிறது.

இதற்காக வகைகளைப் பெருக்கிக்கொண்டே போவதும் தீர்வாகாது. ஒவ்வொரு புதிய வகையும் ஒரு புதிய எல்லையை உருவாக்குகிறது; ஒவ்வொரு எல்லையிலும் வரி மதிப்பீட்டாளரின் விருப்புரிமை கூடி, பேரத்துக்கு வழி பிறக்கிறது. ஆகவே வகைகள் சிலவாகவும், நேரில் பார்த்துச் சரிபார்க்கத்தக்கவையாகவும், ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் ஆணையிலேயே எழுதப்பட்டவையாகவும் இருத்தல் வேண்டும். கலப்புக் கட்டடத்தை முழுமையாக ஒரு வகையில் தள்ளாமல், தளப்பரப்பைப் பகுத்து ஒவ்வொரு பகுதிக்கும் உரிய வகையில் மதிப்பிடுவதும், குறிப்பிட்ட பரப்புக்குட்பட்ட வீட்டுத்தொழிலைக் குடியிருப்பாகவே விடுவதும், சிறு கடைகளுக்கு வீடுகளைப் போன்ற பரப்புப் படிநிலை வகுப்பதும் இன்றைய சட்ட வரம்புக்குள்ளேயே இயலக்கூடியவை.

1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, தனித்தனி மாநகராட்சிச் சட்டங்களின் இடத்தைப் பிடித்துள்ள இவ்வேளையில், அடுத்த பொதுச் சீராய்வு புதிய விழுக்காட்டோடு தொடங்கக் கூடாது. ஒவ்வொரு மதிப்பீட்டு எண்ணுக்கும் பதிவாகியுள்ள பயன்பாட்டை நேரில் சரிபார்த்து, அதை உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, மறுப்புக்குக் கால அவகாசம் கொடுத்த பின்னரே உள்ளாட்சிகள் உயர்வைப் பற்றிப் பேச வேண்டும்.