சாண்டியாகோ வாயில், மலாக்கா

சாண்டியாகோ வாயில் (போர்ட்டா டி சாண்டியாகோ) மலேசியாவின் மலாக்கா நகரில், செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் கோட்டை வாயில். 1511ஆம் ஆண்டு மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் எழுப்பிய கோட்டைக்கு நான்கு முதன்மை வாயில்கள் இருந்தன. அவற்றுள் இன்று நிற்பது இது மட்டுமே. கோட்டையின் மதில்களும் கொத்தளங்களும் பிற வாயில்களும் 1807ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டன. தென்கிழக்காசியாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஐரோப்பியக் கட்டட எச்சங்களுள் ஒன்றாக இவ்வாயில் மதிக்கப்படுகிறது.

அமைப்பு

வாயில் செம்புரைக்கல்லால் கட்டப்பட்டது. கனத்த சுவரின் நடுவே வளைவான நடைவழியும், அதன் மேல் சிறியதொரு மேற்கட்டுமானமும் உள்ளன. வளைவுக்கு மேலே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் புடைப்புச் சிற்பமாக அமைந்துள்ளது. அதனுடன் 1670 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளது. இது வாயில் கட்டப்பட்ட ஆண்டு அன்று. டச்சுக்காரர் அதைப் புதுப்பித்த ஆண்டு.

பொதுவழக்கில் இவ்வாயிலே ‘ஆ ஃபமோசா’ எனப்படுகிறது. உண்மையில் அப்பெயர் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் கட்டிய உயர்ந்த காவற்கோபுரத்துக்கும், அதன்வழி முழுக் கோட்டைக்கும் உரியது. ஆற்றின் பக்கமாக நின்ற அக்கோபுரம் அடியோடு மறைந்துவிட்டது.

போர்த்துகீசியர் காலம்

சீனாவுக்கும் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கும் இடையிலான கடல்வழி மலாக்கா நீரிணை வழியே சென்றது. குஜராத்தியர், தமிழர், சாவகர், சீனர் எனப் பல நாட்டு வணிகர் கூடும் துறைமுகமாக மலாக்கா சுல்தானகம் செழித்திருந்தது. நறுமணப் பொருள் வணிகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவர விரும்பிய போர்த்துகீசியர், அஃபோன்சோ டி அல்புகெர்க் தலைமையில் 1511 ஆகஸ்டில் நகரைக் கைப்பற்றினர். அங்குச் சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியருக்கு உதவிய தமிழ் வணிகர் நைனா சத்து, புதிய ஆட்சியில் பெந்தஹாரா என்னும் உயர்பதவியைப் பெற்றார்.

வெற்றி கிட்டியவுடனேயே கோட்டைப் பணி தொடங்கியது. கட்டுமானத்துக்கான கல் பள்ளிவாசலையும் சுல்தான்களின் கல்லறைகளையும் பிரித்து எடுக்கப்பட்டதைப் போர்த்துகீசியர் குறிப்புகளே பதிவு செய்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் மதில் குன்றைச் சுற்றி விரிந்தது. ஆளுநர் மாளிகை, தேவாலயங்கள், மருத்துவமனை, குடியிருப்புகள் ஆகியவற்றை உள்ளடக்கிய மதில்சூழ் நகராகக் கோட்டை வளர்ந்தது. ஜோகூர், ஆச்சே அரசுகளின் தாக்குதல்களை அது பலமுறை தாங்கியது.

டச்சுக்காரர் காலம்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஜோகூரின் துணையுடன் 1640ஆம் ஆண்டு கோட்டையை முற்றுகையிட்டது. பல மாத முற்றுகையில் பசியும் கொள்ளைநோயும் இருதரப்பையும் வாட்டின. 1641 ஜனவரி 14 அன்று கோட்டை வீழ்ந்தது. டச்சுக்காரர் அதை இடிக்கவில்லை. பழுதுபார்த்தும், கொத்தளங்களுக்குப் புதுப்பெயர் சூட்டியும், ஆற்றோரம் மிடில்பர்க் என்ற கொத்தளத்தைச் சேர்த்தும் பயன்படுத்தினர். வாயிலின் மீதுள்ள கம்பெனிச் சின்னம் இந்த உரிமை மாற்றத்தின் நேரடிச் சான்று.

இடிப்பு

பிரெஞ்சுப் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றியதையடுத்து, 1795ஆம் ஆண்டு ஆங்கிலேயர் மலாக்காவைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டனர். பினாங்கைத் தம் தளமாக வளர்த்துவந்த அவர்களுக்கு மலாக்கா சுமையாகத் தெரிந்தது. பிற்காலத்தில் அது டச்சுக்காரரிடமே திரும்பினால் வலுவான கோட்டை எதிரியின் கையில் இருக்குமே என்ற அச்சமும் இருந்தது. எனவே கோட்டையை அழித்து, மக்களைப் பினாங்குக்குக் குடிபெயர்க்கத் திட்டமிட்டனர். மலாக்காவின் ஆங்கில நிர்வாகி வில்லியம் ஃபார்குவார் மேற்பார்வையில் 1807ஆம் ஆண்டு இடிப்பு தொடங்கியது. கடப்பாரைக்கு அசையாத மதில்கள் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டன.

1808ஆம் ஆண்டு மலாக்காவுக்கு வந்த ஆங்கில அதிகாரி ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், நகரைக் கைவிடுவது தவறு என்று விரிவான அறிக்கை எழுதினார். குடிபெயர்ப்புத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் கோட்டையின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. சாண்டியாகோ வாயில் தப்பியது.

இடிப்பைச் சிறுவயதில் நேரில் கண்ட மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, பின்னர் தம் தன்வரலாறான ‘ஹிகாயத் அப்துல்லா’ நூலில் அதை உருக்கத்துடன் விவரித்தார். கோட்டையில் பேய்கள் உறைவதாக நம்பிய கூலியாட்களின் அச்சம், வெடியின் அதிர்ச்சி, நகரம் இழந்த பொலிவு ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. அரபு, தமிழ் மரபுகள் கலந்த குடும்பத்தில் மலாக்காவில் பிறந்த அப்துல்லா தமிழும் கற்றவர். வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அக்கால மலாக்காவின் வழக்கமாக இருந்தது. கட்டடம் இழந்ததை எழுத்தில் காத்த அவருடைய அரிய பதிவு, வாயிலின் மதிப்பிலிருந்து பிரிக்க முடியாதது.

மரபுரிமை முக்கியத்துவம்

வாயிலின் முதல் சிறப்பு, மூன்று ஐரோப்பிய ஆட்சிகளின் தடம் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்துப் பதிந்திருப்பது. கட்டுமானம் போர்த்துகீசியருடையது, சின்னமும் ஆண்டும் டச்சுக்காரருடையவை, தனித்து நிற்கும் கோலம் ஆங்கிலேயர் விளைவித்தது. சுல்தானகத்தின் வழிபாட்டிடங்களையும் கல்லறைகளையும் குலைத்து எழுந்த கோட்டையின் பகுதி என்பதால், மலாய் அரசின் இழப்பும் இதில் அடங்கியுள்ளது.

இரண்டாவது சிறப்பு தொழில்நுட்பம் சார்ந்தது. ஐரோப்பிய அரண் அமைப்பு, உள்ளூரில் கிடைத்த செம்புரைக்கல்லைக் கொண்டு வெப்பமண்டலக் கடற்கரையில் எவ்வாறு கட்டப்பட்டது என்பதை இங்கு நேரடியாக ஆராயலாம். முன்பு கடல் குன்றின் அருகு வரை இருந்தது. பிற்கால நிலமீட்புப் பணிகளால் கரை வெகுதூரம் விலகிவிட்டது. பழைய கடற்கரையின் எல்லையை அறியவும் வாயிலின் அமைவிடம் உதவுகிறது.

மூன்றாவது சிறப்பு உலக அளவிலானது. 2008ஆம் ஆண்டு ஜூலையில் மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் ‘மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள்’ என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. ஆசிய, ஐரோப்பியப் பண்பாடுகள் வணிகத்தின் வழியே கலந்ததற்கான சான்று என்பது அத்தெரிவின் முக்கிய அடிப்படை. செயின்ட் பால் குன்றும் அதைச் சூழ்ந்த கோட்டைப் பகுதியும் அப்பதிவின் மையப் பரப்பில் உள்ளன.

அகழாய்வும் பாதுகாப்பும்

இடிப்பு தரைக்கு மேலுள்ளதையே அழித்தது. அடித்தளங்கள் பல இடங்களில் மண்ணுக்குள் தங்கின. 2006ஆம் ஆண்டு சுழலும் காட்சிக் கோபுரம் ஒன்றை எழுப்பத் தோண்டியபோது மிடில்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் கொத்தளத்தின் ஒரு பகுதி பழைய அமைப்பைத் தழுவி மீண்டும் கட்டப்பட்டது. மீட்டுக் கட்டிய அப்பகுதி கோட்டையின் பரப்பை உணர்த்த உதவுகிறது. ஆயினும் சாண்டியாகோ வாயிலே உண்மையான எச்சம். புதுக் கட்டுமானத்தை அதற்கு நிகராகக் கொள்ள இயலாது.

செம்புரைக்கல் நுண்துளைகள் கொண்டது. மழையும் பாசியும் வேர்விடும் செடிகளும் அதைத் தொடர்ந்து அரிக்கின்றன. நாள்தோறும் நடைவழியில் செல்லும் பயணிகளின் நெரிசலும் சுவருக்குச் சுமையாகிறது. ஆனால் கோட்டையின் வரலாற்றுக்கு இவற்றைவிடப் பெரிய ஆபத்து, நிலத்தடிச் சான்றுகளை ஆராயாமல் பழைய நகரப் பரப்பில் நடக்கும் கட்டுமானம். வாயிலை மட்டும் காத்தால் போதாது. அதன் பொருளை முழுமையாக்கும் மதில்களின் அடித்தளங்களும் சேர்த்துக் காக்கப்பட வேண்டும்.