அடையும் மரம்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிறு காலை. கேம்பில் ஈஸ்ட் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு இரானி கடையில் சாயாவும் பன் மஸ்காவும் முடித்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். மிசௌரியிலிருந்து தங்கை போன். அங்கே சனி ராத்திரி.

"அண்ணா, உன் மருமகன் நாளைக்கு வேட்டைக்குப் போறானாம். நீயாவது ரெண்டு வார்த்தை சொல்லேன்."

பையனுக்குப் பதினாலு வயசு. கூடப் படிக்கிறவனின் அப்பா கூட்டிக்கொண்டு போகிறாராம். வான்கோழி வேட்டை. சிறுவர்களுக்கென்றே அங்கே ஒரு சனி ஞாயிறு ஒதுக்கி, வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாத பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும் என்று சட்டமும் வைத்திருக்கிறார்கள். வீட்டில் கோழி அறுப்பதைக்கூடப் பார்த்திராத பிள்ளை. போனை வாங்கிப் பேசியவன் துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மாமா, அது எங்க தூங்குதுன்னு தெரிஞ்சாப் போதும். மத்ததெல்லாம் ஈஸி."

இந்தப் பேச்சை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன். தமிழில். நாற்பது வருஷம் முன்னால்.

முதலில் பையன் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். காட்டு வான்கோழி பகலெல்லாம் தரையில் மேயும். இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் பொழுது சாய்ந்ததும் பெரிய மரத்தில் ஏறி அடைந்துவிடும். ஓடைக்கரையில் கிளை படுக்கை வாட்டத்தில் போகும் மரம் என்றால் ரொம்ப இஷ்டம். குஞ்சு பொரித்த தாய் மட்டும் முதல் இரண்டு வாரம் தரையிலேயே குஞ்சுகளோடு கிடக்கும், அவை பறக்கும் வரை. வேட்டைக்காரர் முந்தைய நாள் சாயங்காலமே போய் ஆந்தை மாதிரி குரல் கொடுப்பார். சேவல் ஒன்று மரத்தில் இருந்தால் பொறுக்காமல் பதிலுக்குக் கத்திவிடும். மரம் தெரிந்துவிட்டது! மறுநாள் விடியுமுன் சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து, பெட்டை மாதிரி மெல்லக் கூப்பிட வேண்டும். அடைந்திருக்கும் பறவையைச் சுடுவது அங்கே இழிவு, பல மாநிலங்களில் குற்றமும்கூட. அது தானாக இறங்கி, நடந்து வர வேண்டும். இதில் ஒரு சிக்கல். வான்கோழியில் சேவல் கத்தினால் பெட்டைதான் தேடிப் போகும். நீங்கள் அதைத் தலைகீழாக நடக்கச் சொல்கிறீர்கள். அதனால்தான் பாதி நாள் வெறுங்கையோடு திரும்புகிறார்களாம்.

வசந்த காலம் இனப்பெருக்கக் காலமாயிற்றே, அப்போது போய்ச் சுடலாமா என்று எனக்கும் தோன்றியது. விஷயம் வேறு. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் இனம் இது. சீசன் திறப்பதற்குள் பெரும்பாலும் சேர்க்கை முடிந்திருக்கும். சேவலையோ, நெஞ்சில் தாடி மாதிரி மயிர்க்கற்றை தொங்கும் பறவையையோ மட்டும்தான் சுடலாம் என்பது விதி. ஆகவே முட்டையிடும் பெட்டை பெரும்பாலும் தப்பிக்கும். மிசௌரியில் 1937ல் வான்கோழி வேட்டையையே மூடிவிட்டார்கள், அவ்வளவு குறைந்துபோயிருந்தது. மிச்சமிருந்தவற்றை வலை போட்டுப் பிடித்து, இல்லாத இடங்களில் கொண்டுபோய் விட்டுப் பெருக்கி, 1960ல் மூன்றே நாளுக்குத் திறந்தார்கள். அதே 1937ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தால் துப்பாக்கி, தோட்டா மீது வசூலான வரி இந்த மாதிரி வேலைக்குப் போனது. இன்று அந்த நாடு முழுக்க அறுபது லட்சம் வாக்கில் காட்டு வான்கோழிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

இப்போது நம்மூர்.

திருச்சிப் பக்கம் எங்கள் கிராமம். அறுப்பு முடிந்ததும் குருவிக்காரர் ஒருவர் வருவார். நரிக்குறவர் என்று இன்று எழுதுகிறோம். துவாக்குடி தாண்டி தேவராயநேரியில் அவர்களுடைய குடியிருப்பு இருக்கிறது, அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். தோளில் கண்ணிக் கட்டு, இடுப்பில் ஒரு பை. வந்த அன்று அவர் ஒன்றையும் பிடிக்க மாட்டார். சாயங்காலம் குளத்தங்கரைப் புளியமரத்தடியில் உட்கார்ந்து சும்மா கேட்டுக்கொண்டிருப்பார். எங்கே கௌதாரி கத்துகிறது, எந்தப் புதரில் போய் அடங்குகிறது, அவ்வளவுதான். ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று பையன்கள் கேட்டதற்குச் சொன்னார்: "அடையிற எடத்தப் பாத்துக்கிட்டா பறவ எங்க போயிரப் போவுது?"

மறுநாள் காலை உயிரோடு நாலு கௌதாரி கொண்டுவருவார். அப்பா வாங்குவார். அப்பா காசு எடுக்க உள்ளே போகும் நேரத்தில் அம்மா திண்ணையில் கிடக்கும் சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும். அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

பூனாவுக்கு வேலைக்கு வந்து இருபது வருஷமாகிறது. சில வருஷம் முன்பு எம்.ஜி. ரோடு நடைபாதையில் ஒரு அம்மாள் மகளோடு பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு நின்றுவிட்டேன். மராத்தி இல்லை. ஆனால் எங்கேயோ கேட்ட ராகம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஊசிமணி விற்பவர்கள் தங்களுக்குள் பேசும் பேச்சு மாதிரியே இருந்தது. விசாரித்தேன். ஃபாசே பார்தி என்றார். பாரத் என்றால் மராத்தியில் வேட்டை, ஃபாசா என்றால் சுருக்கு. கண்ணி வைக்கிறவர்கள். நம்மூர் நரிக்குறவர் வீட்டில் பேசும் வாக்ரிபோலியும் பார்திகளின் பேச்சும் குஜராத்திப் பக்கத்து மொழிகள். நான் வேலை தேடித் தெற்கிலிருந்து இங்கே வந்தவன். அவர்களுடைய முன்னோர் பல தலைமுறை முன்பு இந்தப் பக்கங்களிலிருந்து தெற்கே போனவர்கள். குடிபெயர்வது நாம் கண்டுபிடித்த சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் :-)

பார்திகளின் முறை பெயர்பெற்றது. முளைக்குச்சிகளில் வரிசையாகச் சின்னச் சின்னச் சுருக்குகளைக் கட்டிவைப்பார்கள். பிறகு பழக்கிய மாடு ஒன்றின் மறைவில், மேய்க்கிறவர் மாதிரி மெல்ல நடந்து, பறவைகள் மிரளாமல் அந்தப் பக்கமாக ஒதுக்குவார்கள். கூண்டில் வளர்த்த கௌதாரியைக் கத்தவைத்துக் காட்டுக் கௌதாரியை வரவழைப்பதும் உண்டு. மிசௌரியில் பெட்டைக் குரல் கொடுப்பதும் இதுவும் ஒரே வித்தைதானே?

நான் குடியிருக்கும் இந்தக் கேம்ப் உருவானதே ஒரு சண்டைக்குப் பிறகு. 1817 நவம்பரில் கட்கியில் பேஷ்வாவின் படை தோற்றது. ஊருக்குக் கிழக்கே கம்பெனியின் கண்டோன்மெண்ட் வந்தது. அந்தச் சண்டையில் இருந்த அதிகாரிகளில் ஒருவர் வில்லியம் ஹென்றி சைக்ஸ். பிறகு 1824ல் பம்பாய் அரசின் புள்ளிவிவர அதிகாரியாகி, தக்காணமெல்லாம் சுற்றி, 1832ல் இப்பகுதிப் பறவைகளின் பட்டியலை லண்டனில் வெளியிட்டார். மலைக்காடுகளில் மயில் நிறைய இருப்பதையும், தக்காணத்துக் கோயில்களில் கூட்டங்கூட்டமாக மயில் வளர்வதையும் எழுதியவர் அவர். நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் மயில் எந்த மரத்தில் அடைகிறது என்பது எந்தத் துரைக்கும் பிறவியில் தெரியாது. உள்ளூர்க்காரர் ஒருவர் காட்டித்தான் ஆகவேண்டும். துரைமார் இங்கிலீஷில் 'ஷிகாரி' என்ற சொல் அப்படிக் காட்டும் ஆளுக்குத்தான் பெரும்பாலும் வழங்கியது.

மயிலும் இந்த விஷயத்தில் வான்கோழிக்குப் பங்காளி. அந்தியில் வந்து, மரத்தில் ஏறுமுன் விடாமல் அகவி, தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கிர் காட்டில் ஆற்றங்கரைச் சரிவில் நிற்கும் உயர்ந்த மரங்களைத் தேர்ந்தெடுப்பதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மயில்களைக் கணக்கெடுப்பவர்களும் பல இடங்களில் அடையும் மரத்தடியிலேயே நின்றுதான் எண்ணுகிறார்கள். குருவிக்காரர் செய்ததும் அதுதான், கையில் நோட்டுப் புத்தகம் இல்லை.

பிறகு சட்டங்கள் வந்தன. 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம். பிறந்த சாதியை வைத்தே ஒருவன் குற்றவாளி, இடம்விட்டு இடம் போகப் போலீஸிடம் சீட்டு வாங்கவேண்டும். ஆரம்பத்தில் வட இந்தியாவுக்கு, 1911 திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணம் வரைக்கும். பார்திகளும் அந்தப் பட்டியலில் விழுந்தார்கள். 1878ல் ஆயுதச் சட்டம். இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரருக்கு விலக்கு. அதே 1878ல் வனச் சட்டம், ஒதுக்குக் காட்டில் விதிப்படியன்றி வேட்டை கூடாது. ஏழே வருஷம்! பறவை அடையும் இடம் தெரிந்தவன் திருடனாகவும் துப்பாக்கி இல்லாதவனாகவும் காட்டில் அத்துமீறியவனாகவும் ஆகிவிட்டான். அந்தக் காலத்திலேயே ஊட்டியில் துரைமார் நாய்க்கூட்டத்தை விட்டுக் குதிரையில் நரி துரத்தினார்கள். அதற்குப் பெயர் விளையாட்டு. நரியைச் சாப்பாட்டுக்காகப் பிடித்தவன் பெயரில் அந்த நரி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

துரைமார் எல்லாரும் கண்மண் தெரியாமல் சுட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. நீலகிரியில் 1879லேயே வேட்டைப் பிராணிகளைக் காக்க ஒரு சட்டம் வந்தது. 1912 சட்டத்தில் மயில், காட்டுக்கோழி, கௌதாரி எல்லாவற்றுக்கும் வேட்டை கூடாத காலம் வைக்க வழி செய்தார்கள். பறவைக்கு அது நல்லதுதான். அந்தப் பறவையை நம்பி இருந்தவனுக்கு மட்டும் எதுவும் எழுதிவைக்கவில்லை.

1952ல் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தது. 1963ல் மயில் தேசியப் பறவை. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், மயில் முதல் அட்டவணையில். அந்தச் சட்டம் வராவிட்டால் நம் பிள்ளைகள் பல மிருகங்களைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தமிழ்நாட்டில் நரிக்குறவர், குருவிக்காரர் பெயர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். பிடித்த தொழில் போய் ஐம்பது வருஷம் கழித்து. அமெரிக்காவைப் பார்த்து ஏங்கவும் மனசு வரவில்லை. மிசௌரியில் அந்த வான்கோழியை முன்பே அறிந்திருந்தவர்களில் ஓசேஜ் மக்கள் உண்டு. 1808, 1818, 1825 என்று மூன்று உடன்படிக்கைகளில் அவர்கள் கையிலிருந்து நிலம் போனது. சீசனும் லைசென்ஸும் அதற்கப்புறம் வந்தவை.

பூனாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் மோராச்சி சிஞ்சோலி. மோர் என்றால் மயில், சிஞ்ச் என்றால் புளி. வீட்டில் எல்லோரையும் ஒரு தடவை விடியுமுன் கூட்டிப்போனேன் (மனைவி இன்னும் மன்னிக்கவில்லை). புளியமரத்திலிருந்து ஒவ்வொன்றாக, கனமான துணி மூட்டை விழுகிற மாதிரி இறங்கின. எனக்குக் குளத்தங்கரைதான் ஞாபகம் வந்தது.

தங்கை கேட்டபடி பையனுக்கு நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. அவன் திரும்பி வந்ததும் கூப்பிட்டான். சுடவில்லை.

"மரம் கரெக்டா தெரிஞ்சுது மாமா. ஆனா ஓடைக்கு அந்தப் பக்கம் இறங்கிடுச்சு."

குருவிக்காரர் கதையைச் சொன்னேன். சொம்புக் கதையையும் சேர்த்துத்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டான், "அவர் பேர் என்ன மாமா?"

தங்கையிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. ஊரில் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"குருவிக்காரன்தான். பேரு யாருடா கேட்டா?" என்றாள்.