எத்திக்கஸ் (கைத்தறி வணிகக்குறி)

எத்திக்கஸ் என்பது கோயம்புத்தூர் மாவட்டம் பொள்ளாச்சியிலிருந்து இயங்கும் கைத்தறி ஆடை வணிகக்குறி ஆகும். இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தியைக் கொண்டு கைத்தறியில் நெய்யப்படும் சேலைகளும் பிற துணிகளும் இப்பெயரில் விற்கப்படுகின்றன. பருத்தித் தொழில் புரியும் குடும்பத்தைச் சேர்ந்த மணி சின்னசாமியும், அவருடைய மனைவியும் துணி வடிவமைப்பாளருமான விஜயலட்சுமி நாச்சியாரும் இதனை 2009-ஆம் ஆண்டில் தொடங்கினர். ஒவ்வொரு சேலையுடனும் அதை நெய்தவரின் பெயரும் நெய்ய எடுத்துக்கொண்ட நாட்களும் குறிக்கப்பட்ட சீட்டு இணைக்கப்படுவது இதன் தனித்தன்மையாகும்.

பின்னணி

கொங்கு நாட்டின் கரிசல் நிலங்கள் நெடுங்காலமாகப் பருத்தி விளைந்த நிலங்களாகும். 1888-ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் ஆலை என அறியப்படும் முதல் நூற்பாலை கோவையில் நிறுவப்பட்டது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் ஆலைகள் விரைவாகப் பெருகின. பின்னர் சோமனூர், பல்லடம் பகுதிகளில் விசைத்தறியும், திருப்பூரில் பின்னலாடைத் தொழிலும் வளர்ந்தன.

ஆலையும் விசைத்தறியும் வளர்ந்த இதே வட்டாரத்தில் கைத்தறியும் நீடித்து வந்துள்ளது. பவானி ஜமக்காளம், கோவை கோரா பருத்திச் சேலை, நெகமம் பருத்திச் சேலை ஆகிய மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. இவற்றுள் நெகமம் பொள்ளாச்சிக்கு அருகில் உள்ள ஊராகும். அதன் சேலைக்கு 2023-ஆம் ஆண்டில் குறியீடு கிடைத்தது.

எனினும் நெசவாளர் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்து வருகிறது. அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்புகளின்படி நெசவாளரும் நெசவு சார்ந்த தொழிலாளரும் 1995-இல் ஏறத்தாழ 65.5 இலட்சம் பேர், 2009-10-இல் 43.3 இலட்சம் பேர்; 2019-20-இல் 35.2 இலட்சம் பேர். நெசவாளரின் பிள்ளைகள் வேறு வேலைகளுக்குச் செல்வது இதற்கு ஒரு முதன்மைக் காரணமாகும்.

பருத்தி

எத்திக்கஸ் நிறுவனர்களின் குடும்பத் தொழில் அப்பாச்சி காட்டன் என்னும் பருத்தி நிறுவனமாகும். கர்நாடகத்தின் மைசூர் மாவட்டத்தில், கபினி ஆற்றை ஒட்டிய எச். டி. கோட்டை வட்டாரத்தில், உழவர்களுடன் இணைந்து இந்நிறுவனம் இயற்கைமுறைப் பருத்திச் சாகுபடியை மேற்கொண்டது. அங்கு விளையும் பருத்தியே எத்திக்கஸ் துணிகளுக்கு அடிப்படையாக அமைந்தது. விதை முதல் சேலை வரையிலான படிகள் ஒரே கண்ணோட்டத்தில் திட்டமிடப்படுவதால், துணியின் மூலத்தைப் பின்னோக்கிக் கண்டறிய இயலும்.

வடிவமைப்பும் தறியும்

எத்திக்கஸ் சேலைகளில் மரபான கரை, முந்தி அமைப்புகளுடன் இக்காலத்துக்கு ஏற்ற உருக்களும் நிறச்சேர்க்கைகளும் கையாளப்படுகின்றன. இவை ஜக்கார்டு பெட்டி பொருத்திய கைத்தறிகளில் நெய்யப்படுகின்றன.

ஜக்கார்டு என்பது பிரான்சைச் சேர்ந்த ஜோசப் மரீ ஜக்கார் 1804-ஆம் ஆண்டளவில் வடிவமைத்த பொறியாகும். இதில் உருவின் ஒவ்வோர் ஊடை இழைக்கும் ஒரு துளை அட்டை உண்டு. அட்டையில் துளையுள்ள இடத்தில் கொக்கி பாவு இழையை உயர்த்தும். துளையற்ற இடத்தில் இழை தாழ்ந்தே நிற்கும். 400 ஊடை இழைகள் கொண்ட ஓர் உருவுக்கு 400 அட்டைகள் வேண்டும். துளை அட்டை என்னும் இக்கருத்தே பிற்காலத்தில் கணினித் துறைக்கும் வழிகாட்டியது.

இதனால் வடிவமைப்பாளர் தாளில் வரையும் எதையும் அப்படியே நெய்துவிட முடியாது. உருவின் அகலத்தைக் கொக்கிகளின் எண்ணிக்கையும், அதன் நீளத்தை அட்டைகளின் எண்ணிக்கையும் வரையறுக்கின்றன. புதிய உரு ஒன்றுக்குப் புதிய அட்டைகளை அடித்துக் கோர்க்க வேண்டும். இழையின் இறுக்கம், ஊடையின் நெருக்கம் ஆகியவற்றை நெசவாளரின் கைப்பழக்கமே தீர்மானிக்கிறது. ஆகவே இங்கு உருவாகும் சேலை வடிவமைப்பாளர், நெசவாளர் ஆகிய இருவரின் படைப்பாகிறது.

பெயர்ச் சீட்டு

ஓவியர் தம் ஓவியத்தில் கையொப்பமிடுவது வழக்கம். ஆடைகளில் வடிவமைப்பாளரின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இடம்பெறும். நெய்தவரின் பெயர் பொதுவாக எங்கும் பதிவாவதில்லை. எத்திக்கஸ் சீட்டு இக்குறையை நீக்குகிறது. சேலைக்குச் செலவான நாட்களை அறியும் வாங்குபவர், கைத்தறித் துணியின் விலை ஏன் விசைத்தறித் துணியைவிட மிகுதியாக உள்ளது என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். விசைத்தறித் துணி கைத்தறியின் பெயரில் விற்கப்படும் சந்தையில் இச்சீட்டு ஒரு சான்றாகவும் பயன்படுகிறது.

வரம்புகள்

இயற்கைப் பருத்தியும் கைநெசவும் சேர்வதால் இத்தகைய சேலைகளின் விலை உயர்கிறது. உற்பத்தியும் குறைந்த அளவிலேயே அமைகிறது. எனவே ஒரு வணிகக்குறியால் மட்டும் வட்டார நெசவு முழுவதையும் காத்துவிட முடியாது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டுறவுச் சங்கங்களின் கொள்முதல் ஆகியவையும் நெசவாளருக்கு இன்றியமையாதவை.

ஒத்த முயற்சி

நெசவாளரை முன்னிறுத்தும் போக்கு கொங்கு நாட்டின் பிற நெசவுகளிலும் காணப்படுகிறது. துபாயில் வாழும் தமிழ்நாட்டு ஆடை வடிவமைப்பாளர் வினோ சுப்ரஜா, தரைவிரிப்பாக அறியப்பட்ட பவானி ஜமக்காளத்தை ஆடைகளாகவும் பைகளாகவும் மாற்றி 2025-ஆம் ஆண்டில் லண்டன் ஃபேஷன் வீக் நிகழ்வில் காட்சிப்படுத்தினார். அம்மேடையில் ஜமக்காள நெசவாளர் ஒருவரும் உடன் நடந்தது குறிப்பிடத்தக்கது.