நாற்காலியை ஒழிக்க வந்தவர்கள்

குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் கடல்தான் தெரியும். அதற்கு அப்பால் இலங்கை. ஒரு காலத்தில் இவ்வூர்த் துறைமுகம் அந்நாட்டோடு வாணிபம் நடத்தியது. கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் வியாபாரி, "பணம் எப்போது வரும்?" என்று கேட்காமல் மூட்டையை ஏற்றமாட்டான் அல்லவா? அக்கரை வாக்காளர்களும் அந்தக் கேள்வியைத்தான் முப்பது ஆண்டுகளாகக் கேட்கிறார்கள்.

1978-ல் ஜே. ஆர். ஜயவர்த்தனா புதிய அரசியல் சட்டம் செய்து, நிறைவேற்று அதிகாரத்தை ஜனாதிபதியின் கையில் கொடுத்தார். பிறகு வந்தவர்களில் பலர், அந்த நாற்காலியை ஒழிப்பேன் என்று சொல்லியே அதில் போய் அமர்ந்தார்கள்!

1994-ல் சந்திரிகா குமாரதுங்க, 1995 ஜூலை 15-க்குள் ஒழிப்பதாகத் தேதியே குறித்தார். வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 62 பேர் அவரை ஆதரித்தார்கள். தேதி வந்தது; போயிற்று. 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில், மூன்றில் இரண்டு பங்கான 150 பேர் அவர் பக்கம் இல்லை. அதையாவது ஒரு காரணமென்று கொள்ளலாம். 2005-ல் அதே வாக்கைத் தந்த மகிந்த ராஜபக்ஷவுக்கு 2010-ல் 161 பேரின் ஆதரவு கிடைத்தது. அவரோ நாற்காலியை விட்டுவிட்டு, ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதில் அமரக் கூடாது என்ற விதியை ஒழித்தார்!

2015-ல் மைத்திரிபால சிறிசேன அதிகாரத்தைக் குறைத்தார். 2020-ல் அது மறுபடியும் கூடிற்று.

2024-ல் அநுர குமார திஸாநாயக்கவும் ஒழிப்பதாகவே சொன்னார். அவருடைய அணிக்கு 159 இடங்கள் கிடைத்தன. ஆள் போதவில்லை என்ற சாக்குக்கு இனி இடமில்லை. மூட்டை ஏற்றியாகிவிட்டது. பணம் எப்போது வரும்?